நூற்பவளின் வாய்

திருப்பூரில் நூல் என்றால் யாரும் புத்தகத்தை நினைப்பதில்லை. பேக்கரியில் டீ குடிக்கும்போது யாராவது "நூல் ஏறிருச்சாம்" என்று சொன்னால் பக்கத்து டேபிளும் திரும்பிப் பார்க்கும். 2022 மே மாதம் நூல் விலை உயர்வை எதிர்த்து இரண்டு நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. நூலகம் என்ற பலகையைச் சின்ன வயதில் பார்த்தபோது அதை நூல் குடோன் என்றே நினைத்தேன். என் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

இந்த இரட்டை அர்த்தம் தற்செயலானது அல்ல. புத்தகத்துக்கு ஏன் நூல் என்று பெயர் வந்தது என்பதற்குத் தமிழில் ஒரு கவிதையே இருக்கிறது. நன்னூலின் பாயிரத்தில் வரும் நாலடி வெண்பா அது. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொண்டதால் எழுதிய இலக்கண நூல் நன்னூல். பவணந்தியின் ஊர் பெருந்துறைப் பக்கம் இருக்கும் சீனாபுரம்தான் என்று கொங்கில் ஒரு மரபு உண்டு. மைசூர்ப் பக்கம் என்பவர்களும் இருக்கிறார்கள். கொங்கு மரபு சரியாக இருந்தால், நூலையும் புத்தகத்தையும் ஒன்றாக வைத்துப் பாடியவர் இன்றைய பனியன் கம்பெனிகளிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்துக்காரர். அது உண்மையாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கு ஓர் ஆசை. அவ்வளவுதான்.

பள்ளியில் அந்த வெண்பாவைப் "பெயர்க்காரணம்" என்ற தலைப்பில் கடந்துபோனோம். பரீட்சைக்கு இரண்டு மார்க். கவிதையாக அதை யாரும் வாசிக்கவில்லை. இலக்கணப் புத்தகத்தில் இருப்பதால் அது கவிதை இல்லை என்று எப்படியோ முடிவாகிவிட்டது. நான் இங்கே அதைக் கவிதையாகவே வாசிக்கப்போகிறேன். வாசித்தால் ஓர் இடத்தில் மாட்டிக்கொள்வோம். அந்த இடம்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பொருள். ஒரு பெண் பஞ்சை எடுத்து, கையால் இழுத்து, கதிரில் முறுக்கி நூல் ஆக்குகிறாள். ஒரு புலவன் சொல்லை எடுத்து, வாயால் சொல்லி, மதியில் முறுக்கிப் பனுவல் ஆக்குகிறான். பஞ்சு சொல். இழை பனுவல். பெண் புலவன். கை வாய். கதிர் மதி. ஐந்து சமன்பாடுகள், நாலு அடிகள். குற்றம் இல்லாத நூல் முடியும் விதம் இதுதான் என்று பாட்டு நிற்கிறது.

ஆங்கிலத்தின் "டெக்ஸ்ட்", "டெக்ஸ்டைல்" இரண்டும் நெய்தல் என்ற பொருளுள்ள ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை என்பதும், சமஸ்கிருதத்தில் சூத்திரம் என்றால் இழை என்பதும் நிறையப் பேர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த மொழிகளில் அது அகராதியில் தூங்கும் உறவு. இங்கே ஓர் ஆள் உட்கார்ந்து, எது எதற்குச் சமம் என்று பாகம் பாகமாகப் பிரித்து வைத்திருக்கிறார். அதனால்தான் இதைச் சோதித்துப் பார்க்க முடிகிறது. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். யாராவது இதை அதற்கு மேப் செய்திருக்கிறேன் என்று சொன்னால், எது விட்டுப்போயிருக்கிறது என்று பார்க்கத்தான் முதலில் கை போகும்.

வடிவத்தைக் கொஞ்சம் கவனிக்கலாம். இது நேரிசை வெண்பா. வெண்பாவில் ஒவ்வொரு சீரும் தனக்கு அடுத்த சீர் எப்படித் தொடங்க வேண்டும் என்று கட்டளை போடும். மாச்சீர் வந்தால் அடுத்தது நிரையில் தொடங்க வேண்டும், விளமோ காயோ வந்தால் நேரில். எங்கேயும் தளர்த்த இடமில்லை. எனக்கு இது நூற்பதைவிடப் பின்னலை நினைவூட்டுகிறது. பனியன் துணியில் ஒவ்வொரு கண்ணியும் முந்தைய கண்ணியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். நிட்டிங் மெஷினில் ஊசி ஒன்று கெட்டால் துணி நீளத்துக்கும் கோடு விழுந்துவிடும். நீடில் லைன் என்பார்கள். வெண்பாவில் தளை தட்டினால் காதில் விழுவது அந்தக் கோடுதான். பவணந்தியின் வெண்பாவில் அப்படி ஒரு கோடும் இல்லை. சீர் பிரித்துப் பார்த்தேன், சுத்தம்.

எதுகை முதல் இரண்டு அடியில் ஒரு விதம், பின் இரண்டு அடியில் வேறு விதம். முன்பாதி "ஞ்ச" என்ற மெல்லிய உரசலில் ஓடுகிறது, பஞ்சை விரலால் நீவுகிற மாதிரி. பின்பாதி "ஐ" ஓசைக்கு மாறுகிறது. ஓசை மாறுவதற்கு நடுவே, இரண்டாம் அடியின் கடைசியில், கோடு போட்டுப் பிரித்து நிற்பது தனிச்சொல். நேரிசை வெண்பாவில் அந்த இடத்துக்கு ஒரு பளிச் உண்டு. மேடையில் ஒருவரை மட்டும் முன்னால் நிறுத்துகிற மாதிரி. அங்கே பவணந்தி வைத்திருக்கும் சொல் "எஞ்சாத". குறைவுபடாத என்று பொருள். அடுத்த அடியில் வரும் கைக்கு அது அடைமொழி.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. பெண்ணைச் சொல்ல அவர் தேர்ந்தெடுத்த சொல் "சேயிழை". செம்மையான அணி பூண்டவள் என்று பொருள், பழைய கவிதையில் அழகிகளுக்கு வழங்கும் சொல். ஆனால் இழை என்றால் நூலும்தானே? அதே பாட்டில் அதற்குச் சற்று முன்னால்தான் "இழை" நூல் என்ற பொருளில் வந்துபோயிருக்கிறது. நூற்கிறவளின் பெயருக்குள்ளேயே நூல் ஓடுகிறது. இது கணக்குப் போட்டுச் செய்த வேலை என்றே நம்புகிறேன்.

இப்போது சமன்பாடுகளின் திசை. "ஆக" என்ற உருபு ஐந்து முறை, சில சமயம் "ஆ" என்று குறுகி, வருகிறது. அது எது எதுவாகிறது என்று சொல்லும் அம்புக்குறி. அம்பு எல்லா இடத்திலும் ஒரே பக்கம் பார்க்கவில்லை. பஞ்சு சொல்லாகிறது: பொருள் உலகத்திலிருந்து மொழி உலகத்துக்கு. பனுவல் இழையாகிறது: திரும்பி வருகிறது. புலவன் பெண்ணாகிறான்: இதுவும் மொழியிலிருந்து பொருளுக்கு. அதற்குப் பின், எதுகை மாறுகிற அதே இடத்தில், அம்பு மறுபடி திரும்பிவிடுகிறது. கை வாயாகிறது. கதிர் மதியாகிறது. தறியில் ஓடம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வருகிற மாதிரி இருக்கிறது என்று இதைப் பாராட்டிவிட்டு நகரலாம். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் பாராட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் பாருங்கள். புலவன் அவளாக ஆகிறான். அவளுடைய கையும் கருவியும் அவனுடைய வாயும் மதியும் ஆகின்றன. அவன் அவளுடைய பெயரை எடுத்துக்கொள்கிறான், அவளுடைய சாமான் எல்லாம் அவன் வீட்டுக்குப் போய்விடுகிறது. கை வாய்க்குச் சமம் என்று எழுதியானதும் ஒரு கேள்வி பாக்கி நிற்கிறது. அவளுடைய வாய் எதற்குச் சமம்? அவளுடைய மதி எதற்குச் சமம்? அட்டவணையில் அந்த இரண்டு கட்டமும் காலி. அவளுக்குக் கிடைத்தது சேயிழை என்ற அழகுப் பெயரும், கைக்கு ஓர் அடைமொழியும்தான். தனிச்சொல்லாக முன்னால் நிறுத்தி வைத்த அந்த அடைமொழி "குறையாத" என்பது. ஓயாத, தளராத, சொன்ன கணக்குக்குக் குறையாத கை. மில் சூப்பர்வைசர் ஒரு பெண்ணைப் பற்றி நல்லபடியாக எழுத நேர்ந்தால் இதைத்தான் எழுதுவார்.

என் அம்மா இருபது வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் வேலை பார்த்தவர். பிசிறு வெட்டுவது, பீஸ் புரட்டிப் பார்ப்பது, ஓட்டை இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டுவது. இந்த வெண்பாவை அவருக்கு அர்த்தம் சொல்லி விளக்கினேன். கை வாயாக என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "அதெப்படிக் கண்ணு, கையும் வாயும் ஒண்ணாகும்? கை ஓடிட்டு இருக்கறப்பத்தானே வாயி பேசும். கையி நின்னாத்தான் வாயி நிக்கும், சோறு திங்கறதுக்கு." அதற்கு மேல் அவருக்கு அந்தப் பாட்டில் ஆர்வமில்லை. சீரியல் போட்டுவிட்டார்.

எனக்கு அது இலக்கணத் திருத்தமாகவே பட்டது. கையால் செய்யும் வேலைக்கும் வாயால் செய்யும் வேலைக்கும் உள்ள பெரிய வித்தியாசமே அதுதான். புலவன் வாயால் வேலை செய்யும்போது அவன் வாய் வேறு எதையும் பேச முடியாது. நூற்பவளின் கை வேலையில் இருக்கும்போது வாய் சும்மா இருக்கிறது. பாடலாம், ஊர்க்கதை பேசலாம், கூலி பற்றிப் புலம்பலாம். நாட்டுப்புறப் பாடல்களில் எத்தனை நடவிலும் களையெடுப்பிலும் பிறந்தவை என்று யோசித்தால் போதும். கையை வாய்க்குச் சமமாக்கிய அந்த ஒரு வினாடியில் பாட்டு தெரியாமலே அடைத்துவிட்டது இந்தச் சும்மா இருந்த வாயை.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது கோபப்பட்டார். நல்ல வாசகர், மரபுக் கவிதையில் தோய்ந்தவர். "எல்லா உருவகமும் எதையாவது விட்டுவிட்டுத்தான் வரும். முகத்தை நிலா என்றால் நிலாவில் இருக்கும் பள்ளத்தை எல்லாம் கேட்பாயா? 13ஆம் நூற்றாண்டு முனிவரிடம் போய்த் தொழிற்சங்கக் கேள்வி கேட்கிறாய்" என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. விடுவதுதான் உருவகத்தின் வேலை. எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் அது உருவகம் இல்லை, ஜெராக்ஸ். ஆனால் நிலாவுக்கு நாம் எதுவும் கடன்பட்டதில்லை. நிலா கூலிக்கு எரிவதில்லை. உவமையாக வருவது ஓர் ஆள் என்றால், அதுவும் இன்னொருவருக்காக வேலை செய்துகொண்டிருக்கும் ஆள் என்றால், விடுபடுவது பள்ளம் இல்லை. என் ஆபீஸில் ஆட்களை "ரிசோர்ஸ்" என்றுதான் சொல்வார்கள். "ரெண்டு ரிசோர்ஸ் குறையுது" என்று தினமும் மீட்டிங்கில் கேட்கிறேன். அதுவும் உருவகம்தான், செத்துப்போன உருவகம். அதில் எது விடுபடுகிறது என்று கேட்பதைத் தொழிற்சங்கக் கேள்வி என்று சொன்னால், சரி, அப்படியே இருக்கட்டும். வாசிப்புக் கேள்வியும் அதுதான்.

13ஆம் நூற்றாண்டில் இதை எதிர்பார்க்க முடியுமா என்பது நியாயமான சந்தேகம். அதற்கு அவருக்கும் ஆயிரம் வருஷம் முன்னால் போய்ப் பார்க்கலாம். சங்கப் பாடல்களில் நூற்கும் பெண் பலமுறை வருகிறாள். மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பஞ்சுக்கும் நூலுக்கும் இவற்றில் வழங்கும் சொல்லே "பனுவல்" என்பது. கவிதைக்கு அந்தப் பெயர் பஞ்சிலிருந்து போனது.

நற்றிணை 353இல் கபிலர் மலை மேல் தவழும் மேகத்தைக் காட்டுகிறார். ஆண் துணை இல்லாத பெண்கள் தங்கள் உழைப்பால் ஆக்கிய மெல்லிய பனுவல் போல அது இருக்கிறதாம். கணவனை இழந்தவர்கள் என்று உரைகாரர்கள் பொருள் கொள்வார்கள். மேகத்துக்குப் பஞ்சு போதும். யார் ஆக்கியது என்று சொல்லத் தேவையே இல்லை. கபிலர் சொல்கிறார். ஒரு மலைக்காட்சியின் ஓரத்தில், ஆளில்லாத வீட்டில் நூற்றுப் பிழைக்கும் ஒருத்தி நின்றுவிட்டுப் போகிறாள். ஒரு நொடிதான். ஆனால் அவள் எந்த நிலைமையில் நூற்கிறாள் என்பது அந்த நொடியில் இருக்கிறது.

புறநானூறு 125இல் கதை வேறு. வடமவண்ணக்கன் பெருஞ்சாத்தனார் மலையனின் விருந்தைப் பாடுகிறார். சூடு தணிந்த கொழுத்த இறைச்சித் துண்டு, பருத்திப் பெண்டின் பனுவல் மாதிரி மிருதுவாக இருக்கிறது. உவமை அபாரம், வாயில் கரைகிறது. பெண் அதில் கரைந்தே போய்விட்டாள். விருந்தில் அவளுக்கு இலை போடவில்லை.

மூன்றாவது புறநானூறு 326, தங்கால் பொற்கொல்லனார் பாடியது. எனக்கு இதுதான் முக்கியமானது. ஊர்வேலிப் பக்கம் காட்டுப்பூனை உலவுகிறது. இருட்டில் அதற்குப் பயந்து இளம் பெட்டைக்கோழி ஒன்று தொண்டை கிழியக் கத்துகிறது. அதே நேரம் பருத்திப் பெண்டு ஒருத்தி பஞ்சில் இருக்கும் தூசும் செத்தையும் புடைப்பதற்காக எழுந்து, சிறிய விளக்கை ஏற்றி வைத்திருக்கிறாள். அந்த வெளிச்சத்தில் பக்கத்தில் சிவந்த கொண்டையோடு சேவல் இருப்பது தெரிகிறது. கோழி அடங்குகிறது. பாட்டு மேலே அந்த வீட்டின் விருந்தோம்பலுக்கும் தலைவனின் கொடைக்கும் போய்விடுகிறது.

இங்கே அவள் எதற்கும் உவமை இல்லை. மேகமும் இல்லை, இறைச்சியும் இல்லை, புலவனும் இல்லை. அவள் நைட் ஷிப்ட் பார்க்கிறாள், அவ்வளவுதான். ஊர் தூங்கும் நேரத்தில் எழுந்து பஞ்சு சுத்தம் செய்கிறாள், ஏனென்றால் பகலில் வேறு வேலை இருக்கும். அவள் ஏற்றிய விளக்கால் ஒரு கோழி உயிர் பிழைத்தது அவளுக்குத் தெரியுமா என்றுகூடப் பாட்டு சொல்லவில்லை. சாதனம் என்று பார்த்தால் இங்கே எதுவுமே இல்லாத மாதிரி இருக்கும். கொண்டைக்கு ஒரு பூ உவமை, அதோடு சரி. ஆனால் அந்த இருட்டு, கத்தல், சின்ன வெளிச்சம், அடங்குதல் என்ற வரிசையில் ஒரு கட்டுமானம் இருக்கிறது. அவள் நடுவில் இருக்கிறாள், எல்லாம் அவளைச் சுற்றி நடக்கிறது. புலவர் அவளை எதுவாகவும் ஆக்காமல் விட்டதுதான் அந்தக் கவிதையின் பெரிய சாதனம் என்று நினைக்கிறேன். பாடியவர் பொற்கொல்லர், அதாவது கைவேலைக்காரர். பெயரை வைத்து ரொம்ப ஊகிக்கக் கூடாது. இருந்தாலும் இரவில் விளக்கு வைத்து வேலை செய்வது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஆக, ஆளைக் கரைக்காமல் எழுதத் தமிழுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. நண்பரின் "காலம் அப்படி" என்ற வாதம் இங்கே நிற்காது. சங்கப் பாடல்களின் நூற்பவள் கற்பனை இல்லை என்பதற்கு மண்ணுக்குள்ளும் சாட்சி உண்டு. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர், நொய்யலின் வடகரையில் சென்னிமலைப் பக்கம் இருக்கும் கொடுமணல். அங்கே நடந்த அகழாய்வில் நூற்பதற்கான சுடுமண் தக்களிகள் கிடைத்திருக்கின்றன. பவணந்தி மதி என்று சொன்ன கதிர் இதே ஆற்றங்கரையில் சுற்றியிருக்கிறது.

கதிர் மதியா என்பதைப் பற்றி நவீன இந்தியாவில் ஒரு பெரிய சண்டையே நடந்தது. 1925இல் தாகூர் ராட்டை வழிபாட்டை விமர்சித்து எழுதினார். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது மனத்தை இயந்திரமாக்கும் என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. அதே ஆண்டு நவம்பரில் காந்தி, கவியும் ராட்டையும் என்ற பொருளில் பதில் எழுதினார். புலவனும் நூற்பவளும் நேருக்கு நேர் நின்ற மாதிரி இருக்கிறது, இல்லையா? இருவரில் யார் சரி என்பதைவிட எனக்கு ஆர்வம் அதற்குப் பத்து வருஷம் கழித்து நடந்ததில். காந்தி நூற்பதை வேள்வியாக, விடுதலையாக, தரித்திர நாராயண சேவையாக எத்தனையோ உருவகமாக்கினார். பவணந்தியைவிடப் பெரிய உருவகக்காரர் அவர். ஆனால் அந்த உருவகத்துக்குள் இருந்தவள் நாளெல்லாம் நூற்றாலும் காலணா அரையணாவுக்குத் திண்டாடினாள். 1935இல் காந்தி இதை நேராக எடுத்தார். எட்டு மணி நேர நூற்புக்கு எட்டணா வேண்டும் என்று வாதிட்டார். அகில இந்திய சர்க்கா சங்கம் நூற்பவர்களுக்கு வாழக்கூடிய கூலி என்ற கொள்கையை ஏற்று, கூலியை உயர்த்தத் தீர்மானித்தது. அந்தச் சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை இயங்கியது திருப்பூரிலிருந்துதான். கூலி ஏற்றினால் கதர் விலை ஏறும், வாங்க ஆள் இருக்காது என்று கதர்க்காரர்களே எதிர்த்தார்கள். இந்த வசனத்தை நான் இன்றைக்கும் கேட்கிறேன், பையருக்கு ரேட் கட்டுப்படியாகாது என்ற வடிவத்தில்.

உருவகம் ஓர் ஆளை எடுத்துக்கொண்டால் அதற்கு என்ன கடன் என்று கேட்டேன். கவிஞன் கூலி கொடுக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. காந்தியிடம் நடந்தது எனக்கு ஒன்றைக் காட்டுகிறது: உருவகத்தை உண்மையாக எடுத்துக்கொண்டவர் ஒரு கட்டத்தில் அந்தக் காலிக் கட்டங்களுக்கு வந்தே ஆக வேண்டியிருக்கிறது. அவளுக்கு எவ்வளவு கிடைக்கிறது, அவள் என்ன சொல்கிறாள்.

அப்படி வராமலே உருவகம் ஓடினால் என்ன ஆகும் என்பதற்கும் நம் பக்கமே உதாரணம் இருக்கிறது. 2000களில் இந்த வட்டாரத்து நூற்பாலைகளில் பரவிய சுமங்கலித் திட்டம் என்ற பெயரை ஒரு கவிதை வரி போல எடுத்து வாசித்துப் பாருங்கள். திருமணமாகாத இளம்பெண்கள், பலர் சிறுமிகள், தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி மூன்று வருஷம் வேலை பார்க்க வேண்டும். முடிவில் ஒரு மொத்தத் தொகை, கல்யாணச் செலவுக்கு. நடுவில் போனால் அந்தத் தொகை கிடைக்காமல் போகலாம். நெதர்லாந்தின் இரண்டு ஆய்வு அமைப்புகள் 2011இல் இதைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்ட பிறகு உலகம் பேசியது. ஊருக்குள் அதற்கு முன்பே தெரியும்.

அந்தத் தொகை அவளுடைய கூலிதான். மாதாமாதம் பிடித்து வைத்த கூலி. அதற்கு "சுமங்கலி" என்ற பெயரை வைத்ததும் அது சீதனம் மாதிரி, யாரோ மனமிரங்கிக் கொடுப்பது மாதிரி ஆகிவிடுகிறது. பெயர் அவளைச் சொல்லவே இல்லை. மூன்று வருஷம் கழித்து, மில்லை விட்டுப் போன பிறகு, இன்னொரு வீட்டில் அவள் என்னவாக இருப்பாளோ அதைச் சொல்கிறது. கபிலரின் பாட்டில் ஆளில்லாத பெண் நூற்றாள். இரண்டாயிரம் வருஷம் கழித்து ஆள் வருவதற்காக ஒரு பெண் நூற்கிறாள். இரண்டுக்கும் நடுவே அவள் வெறும் தொழிலாளியாக, ஆண் இருக்கிறானா இல்லையா என்ற கணக்கு இல்லாமல், எப்போதாவது பெயர் பெற்றிருக்கிறாளா? தமிழ் வகுப்பில் அணியிலக்கணம் நடத்தும்போது உதாரணத்துக்கு முகத்தையும் நிலாவையும் விட்டுவிட்டு ஒரே ஒருமுறை இந்தத் துண்டறிக்கையை நடத்தியிருக்கலாம். கவிதையின் சாதனங்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிவதால் என்ன பிரயோஜனம் என்று இன்ஜினியரிங் கல்லூரியில் என்னைக் கேட்டவர்களுக்கு அப்போது பதில் சொல்லத் தெரிந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

பவணந்தியை இந்தத் துண்டறிக்கையோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது. அவரிடம் ஒரு நேர்மை இருக்கிறது. கவிஞனைப் புகழ அவருக்கு ஓர் உயர்ந்த உவமை தேவைப்பட்டபோது அரசனையோ கடவுளையோ தேடவில்லை. சூரியனிடம் போகவில்லை. நூற்கிறவளிடம் போனார். நீ அவள் மாதிரி வேலை செய் என்று புலவனுக்குச் சொல்கிறார். அடுத்த வெண்பாவில் தச்சனின் நூலுக்குப் போகிறார்: மரத்தின் கோணலை நூல் பிடித்து நேராக்குவது போல மனக்கோணலை நூல் நேராக்கும் என்கிறார். பெண், தச்சன் என்று தொழில் செய்கிறவர்கள்தான் அவர் கண்ணில் படுகிறார்கள். ஆனால் முதல் வெண்பாவின் வினையைப் பாருங்கள். நூல் "முடியும்" என்று முடிகிறது. முடிப்பாள் என்றோ முடிப்பான் என்றோ இல்லை. இவ்வளவு கை, வாய், கதிர் எல்லாம் சொன்ன பிறகு நூல் தானாக முடிந்துவிடுகிறது.

போன வாரம் ஒரு நிட்டிங் யூனிட்டில் எங்கள் சாஃப்ட்வேரில் ஏதோ பிரச்சினை என்று போயிருந்தேன். சர்வர் ரீஸ்டார்ட் ஆகும்வரை நூல் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 30ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டில் 840 கெஜச் சிட்டங்கள் 30 இருக்கும் என்று கணக்கு. 150 கிராம் டிஷர்ட் ஒன்றில் ஏழரைக் கிலோமீட்டர் நூல் வரும். நன்னூல் பாயிரத்திலேயே, ஒரு நூலுக்கு எழுதும் சிறப்புப் பாயிரத்தில் என்னென்ன சொல்லியாக வேண்டும் என்று எட்டு விஷயங்களை வரிசைப்படுத்தியிருக்கிறார் பவணந்தி. பெட்டி லேபிளை அந்த வரிசையில் வைத்துப் பார்த்தேன். நூலின் பெயர் இருந்தது: காட்டன், 30. யாப்பு: கோம்டு. எல்லை என்று மில்லின் ஊரைச் சொல்லலாம். நுதலிய பொருள், ஹோசியரி நூல் என்று போட்டிருந்தது. பயனும் கேட்போரும் நாங்கள்தான், நிட்டிங்காரர்களும் பையர்களும். எட்டில் முதலாவதாக அவர் கேட்பது ஆக்கியோன் பெயர். அந்த இடத்தில் ஏழு இலக்கத்தில் லாட் நம்பர் இருந்தது.